ராணி பெயரில் பத்து மைல்

அத்தியாயம் பதினேழு

போன கிழமை தவராசாவைக் கொட்டாஞ்சேனை மைதானத்தின் மூலையில், சப்பாத்து லேசை மூன்றாம் தடவையாக அவிழ்த்துக் கட்டுகிற நிலையில் விட்டுவிட்டு வந்தோம். மனிதன் இன்னமும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறான். லேசில் ஒரு குறையும் இல்லை. நிமிர்ந்தால் எதிர்ச்சுவரில் ஒட்டியிருக்கிற நோட்டீசைப் பார்க்க வேண்டிவரும், அதுதான் சங்கதி.

மூன்று மொழியில் அச்சடித்த நோட்டீஸ். நடுவில் ஒரு சிறுமியின் படம். இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று இல்லை, வாய் நிறையச் சிரிப்பு. ‘இருதயத்தில் துவாரமுள்ள எட்டு வயதுச் சிறுமி பவளராணிக்காக ஓடுகிறோம். உதவுங்கள்.’

பவளராணியின் இருதயத்தில் ஒரு துவாரமும் கிடையாது. மதில் ஏறிக் குதித்து அடுத்த வீட்டு ஜம்பு மரத்தில் தொங்குகிற பிள்ளை அவள். துவாரம் இருப்பது ஆரணிக்கு. ஆரணி, தவராசாவின் அக்கா ஜெகதீஸ்வரியின் கடைக்குட்டி.

இந்த ஆள்மாறாட்டம் எப்படி நடந்தது என்பது கிழமை தவறாமல் வாசிப்பவர்களுக்குத் தெரியும். யாரோ மடித்துவைத்துவிட்டுப் போன பத்திரிகையை இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

ஜெகதீஸ்வரியின் கணவர் இடப்பெயர்வில் கிளிநொச்சியில் காய்ச்சல் கண்டு, மருந்தில்லாமல் போய்ச் சேர்ந்தார். இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவள் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்தாள். மூத்தவள் சுபத்திராவுக்கு இருபத்துநாலு வயது. சுவிஸ் மாப்பிள்ளை ஒருவருக்குச் சாதகம் பொருந்தியிருக்கிறது. இளையவள் ஆரணி பத்துப் படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

“தங்கச்சிக்கு நெஞ்சிலை ஓட்டை எண்டு கேள்விப்பட்டால் தமக்கையை ஆர் எடுப்பினம்? பரம்பரை வருத்தம் எண்டு சொல்லிப்போடுவினம்.” மூன்று வருஷமாக ஜெகதீஸ்வரியின் வாயில் இதுதான். கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் காசில்லாமலே செய்திருக்கலாம். ஆனால் அந்த வார்டில் பாதிச்சனம் ஊர்ச்சனம். பக்கத்துக் கட்டிலில் யார் படுத்திருப்பார்களோ, யார் பார்க்க வருவார்களோ! ஆகவே மெட்ராசுக்குக் கொண்டுபோவது, ஊருக்குச் சொல்வதென்றால் கோயில் யாத்திரை என்று முடிவு. இரகசியத்துக்குத்தான் காசு தேவைப்பட்டது, சத்திரசிகிச்சைக்கு அல்ல.

காசுக்கு வழி சொன்னவன் தவராசா. முப்பத்தெட்டு வயது, புறக்கோட்டையில் இரும்புக் கடை ஒன்றில் கணக்கெழுதுகிறவன், ஒரு காலத்தில் நெடுந்தூர ஓட்டத்தில் பெயர் எடுத்தவன். கொட்டாஞ்சேனையில் ஒரு விளையாட்டுக் கழகத்துக்காக முன்பு ஓடியிருக்கிறான். கழகத்துக் காரியதரிசி றேமண்ட் கேட்டவுடன் தலையாட்டினார். ஓட்டம் வைப்போம், மைலுக்கு இவ்வளவென்று ஆட்களிடம் எழுதி வாங்குவோம், நோட்டீசுக்குப் பிள்ளையின் பெயரும் படமும் கொண்டுவாருங்கள் என்றார். டொக்டரின் கடிதத்தையும் கேட்டார். அது பிறகு தருகிறேன் என்றபோது, “உங்க வாய்ச்சொல்லு போதும் மேன்,” என்று விட்டுவிட்டார்.

ஜெகதீஸ்வரி ஒரு நாள் முழுவதும் யோசித்தாள். மறுநாள் காலை பின்னறையில் இருக்கிற பேச்சியம்மாவைக் கூப்பிட்டாள். பேச்சியம்மா பண்டாரவளைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள், அந்த ஒழுங்கையில் நாலு வீட்டுக்கு உடுப்புத் தோய்த்துக் கொடுக்கிறவள். அவளுக்கு ஒரே மகள் பவளராணி.

“ராணியின்ர படம் ஒண்டு தா. பேர் மட்டும்தான், வேறை ஒண்டுமில்லை,” என்றாள் ஜெகதீஸ்வரி.

பேச்சியம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பொலிஸ் பதிவுத் தாளில் அந்த வீட்டுக்குப் பொறுப்பாளி ஜெகதீஸ்வரி. தாயினதும் மகளினதும் பெயர்கள் அதில் இருப்பது அவளுடைய கையெழுத்தில். அந்தத் தாளில் பெயர் இல்லாத தமிழாளைச் சோதனையில் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பேச்சியம்மா உள்ளே போய்ப் படத்தை எடுத்துவந்து கொடுத்தாள். தவராசா பக்கத்தில்தான் நின்றான், வாயைத் திறக்கவில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு வருவோம்.

“என்ன மேன் தவம், லேசைக் கட்டியே பத்து மைல் முடிச்சிடுவீங்க போல!” றேமண்ட் ஊதுகுழலைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்தார். முகமெல்லாம் வெளிச்சம். “ஒரு நல்ல நியூஸ் வச்சிருக்கேன். கடைசியில சொல்லலாம்னு பாத்தேன், அடக்க முடியல்ல.”

“என்ன றேமண்ட்?”

“நோபேட் டொக்டர் தெரியும்தானே? என்ட கசின், ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட். அவரு வெள்ளவத்தை கிரவுண்டுக்கு வாறாரு. அம்புலன்ஸும் வருது. பேச்சியம்மா மகள அங்கயே செக் பண்ணி, இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுவாரு. கட்டில் ரெடி. மெட்ராஸ் ஒண்ணும் தேவயில்ல.”

தவராசாவின் கை லேசிலேயே நின்றுவிட்டது.

“அப்ப... சேர்ந்த காசு?”

“நேரா அவரு வேலசெய்ற பிரைவேட் ஆஸ்பத்திரிக்கே கட்டியாச்சு. அந்தப் பொம்பளை பாவம், எழுதப் படிக்கத் தெரியாது. கையில குடுத்தா யாராச்சும் ஏமாத்திடுவாங்க இல்லையா?”

தவராசா எழுந்தான். “றேமண்ட், ஒரு விசயம் சொல்லவேணும். இப்பவே சொல்லவேணும்.”

“ஓடிட்டு வந்து சொல்லுங்க. கொடி தூக்கப் போறாங்க!”

கொடி தூக்கினார்கள். அறுபது எழுபது பேர் ஒரே தள்ளாகத் தள்ளியதில் தவராசா தெருவுக்கு வந்துவிட்டான்.

மாளிகாவத்தை, பொரளை, நாரஹேன்பிட்டி, கிருலப்பனை என்று சுற்றி, தெஹிவளைப் பாலத்தைத் தொட்டு, காலி வீதியால் வெள்ளவத்தைக்கு வந்து முடிகிற ஓட்டம். ஓட்டம் முடியும் வரைக்கும் அந்த வழியில் வாகனம் இல்லை. விலகிப்போய் பஸ் பிடிக்கலாமென்றால் ஓட்டத்துக்காக ஒன்பது மணி வரைக்கும் பஸ்ஸை நிறுத்தியிருந்தார்கள், ஓட்டோவுக்குக் கையில் காசில்லை. வெள்ளவத்தைக்குப் போவதற்கு இருந்த கெதியான வழி ஓடுவதுதான். நெஞ்சில் இலக்கம், அதற்குக் கீழே மூன்று மொழியிலும் ‘பவளராணிக்காக’ என்று சிவப்பெழுத்து. களுசானின் இடுப்புக்குள்ளே பொலித்தீன் பையில் சுற்றி ஊசி குத்திய அடையாள அட்டை. ஓடினான்.

மாளிகாவத்தையில் தொடர்மாடிக்கு எதிரே, காசு கொடுத்துப் போன் பேசுகிற ஒரு கொமினிகேஷன் கடை திறந்திருந்தது. தவராசா ஓட்டத்தை விட்டு விலகி அதற்குள் நுழைந்தான். முக்காட்டைச் சரிசெய்தபடி ஒரு பெண் எழுந்தாள். கடைக்காரி கைருன்னிஸா.

“தண்ணி வேணுமா தம்பி?”

“ஒரு கோல் எடுக்கவேணும். கையிலை சல்லி இல்லை.”

“சல்லி என்னத்துக்கு? அந்தப் புள்ளக்குத்தானே ஓட்றீங்க. எடுத்துப் பேசுங்க,” என்று அவள் கண்ணாடிப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கேயும் ராணி பல்லில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே உண்டியலாக ஒரு பால்மாப் பேணி. “எங்கட மாடியில எல்லாரும் போட்டிருக்காங்க. இல்லாதவங்களும் போட்டாங்க.”

தவராசாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இலக்கத்தை அழுத்தினான். போனை எடுத்தது சுபத்திரா.

“பிள்ளை, மாமா கதைக்கிறன். கவனமாய்க் கேள்.” மூச்சு வாங்க வாங்கச் சொன்னான். டொக்டர் வருவதை, கட்டில் இருப்பதை, காசு ஆஸ்பத்திரிக்குப் போனதை. “ஆரணியைக் கூட்டிக்கொண்டு கிரவுண்டுக்கு வா. டொக்டர் ராணியைத் தொட முன்னம் வரவேணும்.”

“பேச்சியம்மா அப்பவே போயிட்டா மாமா,” என்றாள் சுபத்திரா. “ராணிக்குப் புதுச்சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு போனவ. அங்கை அவவை என்ன செய்வினம்?”

தவராசா பதில் சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது.

“என்ன விசர்க்கதை கதைக்கிறாய் தம்பி?” ஜெகதீஸ்வரி அடிக்குரலில் பேசினாள். “எட்டரைக்குச் சரோஜினிதேவி அக்கா பொம்பிளை பார்க்க வாறா. மாப்பிள்ளையின்ர தாய், தெரியும்தானே? பலகாரம் அடுப்பிலை கிடக்கு.”

“அக்கா, டொக்டர் கண்டுபிடிச்சிடுவார்.”

“கண்டுபிடிக்கட்டுமன். பிள்ளைக்கு ஒண்டுமில்லை எண்டால் சந்தோசப்படவேண்டியதுதானே.”

“பேச்சியம்மாவைக் கள்ளி எண்டு சொல்லப்போகினம்.”

“அவளுக்கு நான் பிறகு சமாதானம் சொல்லிக்கொள்ளுறன்.”

“அக்கா, ஆரணிக்கு இண்டைக்கு ஒரு கட்டில் இருக்கு. கையெட்டுற தூரத்திலை இருக்கு!”

ஜெகதீஸ்வரியின் குரல் உடைந்துபோயிற்று. “ஒரே ஒரு நாள் தம்பி. இண்டைக்கு மட்டும் போகட்டும். மூத்தவளுக்கு ஒரு வழி பிறந்திட்டுதெண்டால் இளையவளைத் தோளிலை போட்டுக்கொண்டு எங்கை வேணுமெண்டாலும் வாறன்.”

போனை வைத்துவிட்டாள்.

அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லிவிடுவது லேசு. புருஷனைச் சாகக் கொடுத்துவிட்டு, இரண்டு பெண் குழந்தைகளோடு சோதனைச் சாவடி சோதனைச் சாவடியாக நின்று வந்தவள். ஒருத்தியையாவது இந்த நாட்டைவிட்டுத் தப்ப வைக்கலாம் என்று கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கில் ஆரணியின் பங்கு எப்போதும் நாளைக்குத்தான் இருந்தது. மூன்று வருஷமாக அந்த நாளை வரவில்லை.

தவராசா தெருவில் இறங்கினான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் முன்னால் போய்விட்டார்கள். அவனுக்கு முதலாமிடமும் தேவையில்லை, முப்பதாமிடமும் தேவையில்லை. மைதானத்தில் பேச்சியம்மா நிற்பது கண்முன்னே வந்தது. இதுவரை அவன் ஓடிய ஓட்டத்திலெல்லாம் முன்னால் ஓடுபவனின் முதுகு தெரியும், அதைப் பிடித்தால் போதும். இன்றைக்கு யாருடைய முதுகும் தெரியவில்லை.

பொரளையில் தண்ணீர் கொடுத்தார்கள், வாங்கவில்லை. நாரஹேன்பிட்டியில் மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு ஆமிக்காரப் பையன் சட்டையிலிருந்த சிங்கள எழுத்தை வாசித்துவிட்டுத் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு கைதட்டினான். “துவன்ன அய்யே, துவன்ன!” ஓடு அண்ணா, ஓடு என்கிறான். வேறொரு நாளாக இருந்தால் இதே இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வைத்திருப்பான். அந்த நோட்டீஸ் எல்லோரையும் நல்லவர்களாக்கி வைத்திருந்தது. தவராசாவுக்கு அழவேண்டும் போலிருந்தது.

கிருலப்பனை தாண்டியதும் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நொண்டினான். நொண்டியபடியே தெஹிவளைப் பாலத்தைத் தொட்டு, காலி வீதியில் திரும்பினான். கடைப்பெயர்கள் தமிழாகத் தொடங்கின. இன்னும் ஒரு மைல்கூட இல்லை. வழியில் அக்கா வீட்டு ஒழுங்கை வரும். தானே உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவது, அக்கா மறித்தால் தள்ளிவிட்டு வருவது என்று தீர்மானித்துக்கொண்டான். ஜெகதீஸ்வரி அவனைத் தூக்கி வளர்த்தவள். அவளைத் தள்ளுகிற கை தனக்கு இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

அந்தக் கை தேவைப்படவில்லை. ஒழுங்கை முகப்பில் சுபத்திரா நின்றாள். மாம்பழ நிறக் கூறைமாதிரி ஒரு சேலை, கழுத்தில் அட்டியல், தலையில் கனகாம்பரம், காலில் குளியலறைச் செருப்பு. இடுப்பில் ஆரணி.

“அம்மா முன்கதவைப் பூட்டிப்போட்டா,” என்றாள். “கிணத்தடிப் பக்கத்தாலை வந்திட்டன். ராணியைப் பார்க்கப் போறம் எண்டு சொல்லித்தான் இவளைக் கூட்டிவந்தனான்.”

“வந்த ஆக்கள்?”

“விறாந்தையிலை இருக்கினம். தேத்தண்ணி ஆறட்டும்.”

சுவிஸ் மாப்பிள்ளையின் படத்தை அவள் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள் என்பதைத் தவராசா அறிவான். கையை நீட்டி ஆரணியை வாங்கிக்கொண்டான். எட்டு வயதுப் பிள்ளை, ஆறு வயதுக் கனம்கூட இல்லை.

“மாமா, ஓடுங்கோ! எல்லாரும் ஓடுகினம்!” என்றாள் ஆரணி, அவன் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு.

அவன் இரண்டு எட்டு வைத்தான். குலுக்கத்தில் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. உடனே நடைக்கு வந்துவிட்டான். பத்து மைல் ஓட்டத்தின் கடைசித் துண்டைத் தவராசா நடந்தே முடித்தான். அவனோடு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி சுபத்திராவும் நடந்தாள். தெருவோரத்தில் நின்ற சனம் அவனை விட்டுவிட்டு அவளைத்தான் பார்த்தது. கலியாண வீட்டிலிருந்து எழுந்து வந்தவள் போலிருந்தாள்.

மைதானத்துக்குள் கைதட்டல் இல்லை. ஓடி முடித்தவர்கள்கூட மேடைப் பக்கம் கூடி நின்றார்கள். யாரோ உரத்த குரலில் பேசுவது கேட்டது.

“ரெண்டு தரம் செக் பண்ணிட்டேன் றேமண்ட். இந்தப் புள்ளைட ஹார்ட் ஃபர்ஸ்ட் கிளாஸ்.” கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புடன் நின்றவர்தான் நோபேட் டொக்டராக இருக்கவேண்டும்.

“என்ன பேச்சியம்மா இது? எங்கட ஆக்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?” றேமண்டின் முகத்தில் காலையில் இருந்த வெளிச்சம் இல்லை.

“தோட்டத்து ஆக்களுக்கு இரக்கம் காட்டப்போனால் இப்பிடித்தான்,” என்றார் கூட்டத்தில் ஒருவர், நல்ல யாழ்ப்பாணத் தமிழில்.

காவலுக்கு வந்த பொலிஸ்காரர் பேச்சியம்மாவின் அடையாள அட்டையை வாங்கிக் கையில் வைத்திருந்தார். அவள் ராணியை முன்னால் நிறுத்தி, இரண்டு கையாலும் அவள் நெஞ்சை மூடிப் பிடித்துக்கொண்டு நின்றாள். யார் என்ன கேட்டும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஒரு சொல்லில் தப்பியிருக்கலாம். ராணிக்குத் தான் செய்த பிழை என்னவென்று விளங்கவில்லை. டொக்டர் சொன்னபடி மூச்சை இழுத்து விட்டாள், அவ்வளவுதானே!

தவராசா ஆரணியின் ஒரு காதைத் தன் தோளில் அழுத்தி, மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டு, கூட்டத்தை விலக்கி உள்ளே போனான்.

“அவவை விடுங்கோ! பொய் சொன்னது நான். வருத்தக்காரப் பிள்ளை இதுதான். ஆரணி. என்ர அக்காவின்ர மகள்.”

தவராசா எல்லாவற்றையும் சொன்னான், ஒன்றையும் மறைக்கவில்லை. கலியாணப் பேச்சைச் சொல்லும் இடத்தில் மட்டும் தயங்கினான். “எனக்குத்தான் பேசினது. நான்தான் தமக்கை,” என்று சுபத்திரா பக்கத்தில் வந்து நின்றாள்.

றேமண்ட் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. “என்ட கிட்டயாவது சொல்லியிருக்கலாமே மேன்,” என்றார். பிறகு பொலிஸ்காரரிடம் போய்ச் சிங்களத்தில் நெடுநேரம் பேசி, அடையாள அட்டையை வாங்கிப் பேச்சியம்மாவிடம் கொடுத்தார். பொலிஸ்காரர் தவராசாவின் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டார்.

பேச்சியம்மா அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு தவராசாவின் முன்னால் வந்தாள். அவள் கோபமாகப் பேசி அவன் கேட்டதே கிடையாது. இப்போதும் மெதுவாகத்தான் பேசினாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேங்க ஐயா. பெரிய பாப்பா கல்யாணம் தடைப்படக் கூடாதுன்னுதானே எம் மக பேர வாங்கிக்கிட்டீங்க. ஏங்க, நாளைக்கு எம் மகளுக்குக் கல்யாணங்காட்சி கெடையாதுங்களா? கொழும்பு பூரா அவ மூஞ்சிய ஒட்டி, நெஞ்சில ஓட்டன்னு எழுதிட்டீங்களே.”

மூன்று மாதமாக அந்த நோட்டீசை மடித்து மடித்துக் கொடுத்தவன் அவன். அந்தக் கேள்வி ஒருநாளும் அவன் மனதில் எழவில்லை. அதற்காக அவன் வெட்கப்பட்டான், இனிமேலும் வெட்கப்படுவான்.

நோபேட் டொக்டர் இதற்குள் ஆரணியை மேசையில் உட்கார வைத்துவிட்டார். நெஞ்சில் வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார். ராணியைப் பார்த்ததைவிட அதிக நேரம் எடுத்தார். பிறகு பிள்ளையின் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நுனி தடித்து, நகம் நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது. அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மடித்தார். டொக்டர் அவனைத் தனியே கூட்டிக்கொண்டு போனார்.

“நகமும் உதடும் நீலமாகத் தொடங்கி எவ்வளவு காலம்?”

“ரெண்டு வருசம் இருக்கும்.”

“அப்பவே ஏன் கொண்டு வரல்ல?”

தவராசா திரும்பி மேசையில் இருந்த பிள்ளையைப் பார்த்தான்.

“நீலமாக முந்தியே கொண்டு வந்திருந்தா ஓட்டைய அடைச்சு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்,” என்றார் டொக்டர். “இப்ப லங்ஸ்ல பிரஷர் ஏறியிருக்கும்னு பயப்படுறேன். கூட ஏறியிருந்தா ஒப்பரேஷன் செய்யேலாது. செஞ்சா அதுவே புள்ளைக்கு ஆபத்து.”

“அப்ப என்ன செய்யிறது டொக்டர்?”

“ஒரு டெஸ்ட் இருக்கு. செஞ்சு பாத்தாத்தான் சொல்ல முடியும். இன்னைக்கே அட்மிட் பண்றேன். தாய் வந்து கையெழுத்துப் போடணும்.” அவர் சுபத்திராவின் சேலையையும் நகையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, “தாய் எங்க?” என்று கேட்டார்.

தவராசாவுக்குக் கண்ணீர் வந்தது. கெண்டைக்கால் நோவினால் என்று நினைத்து ஒரு பையன் சோடாப் போத்தலைக் கொண்டுவந்து நீட்டினான். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான். ராணிக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தபோது இவ்வளவு பேர் கோபப்பட்டார்கள். ஆரணிக்கு இருக்கிறது என்று தெரிந்தபோது எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நிற்கிறார்கள். ஓட்டம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பாயும் துணியும் தேடி வைப்பதும், கையெழுத்துக்கு அக்காவின் காலில் விழுவதும்தான் பாக்கி.

வெளிவாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. முதலில் இறங்கியவள் ஜெகதீஸ்வரி. தலை கலைந்து, ஒரு பக்கத்துச் சேலை நிலத்தில் இழுபட்டது. அவளுக்குப் பின்னால், கையில் பணப்பையை இறுக்கிப் பிடித்தபடி, சரோஜினிதேவி இறங்கினாள். இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். மாப்பிள்ளையின் தாய் மேசையில் இருந்த பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் என்ன எழுதியிருந்தது என்பது அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.

தவராசா மேசையடிக்குப் போனான். ராணி எப்போதோ தாயின் கையை உதறிவிட்டு வந்து ஆரணிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தாள். இருவரும் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஆரணி அவனைக் கிட்ட வரச்சொல்லிக் கைகாட்டி, காதுக்குள் பேசினாள்.

“மாமா, ராணிக்கு ஒண்டுமில்லையாம். டொக்டர் சொன்னவர்.”

“ஓம் பிள்ளை.”

“நான்தான் மாமா.” அவளுக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. நிறுத்தி, இழுத்து, மறுபடி சொன்னாள். “ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிள்ளையாரிட்டைக் கேட்டனான். ராணியின்ர ஓட்டையை அடைச்சுவிடுங்கோ எண்டு. அடைச்சிட்டார்.”

தவராசா கையிலிருந்த சோடாப் போத்தலை மேசையில் வைத்தான்.

“இனி அவள் சாகமாட்டாள்தானே மாமா?”

“மாட்டாள்,” என்றான்.

ஆரணி ராணியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.